மேடம் சொன்ன லினக்ஸ்

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷத்தில் என் வீட்டுக்காரர் பேச்சில் ஒரு மேடம் வந்து சேர்ந்தார். அதுவரைக்கும் அவர் வேலையை விட்டு வந்ததும் பேசுவது ரயிலைப் பற்றித்தான். கவரப்பேட்டையில் சிக்னல் போடாமல் நிறுத்திவிட்டான், கதவோரம் மீன் கூடையை வைத்துவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள், இப்படி ஏதாவது. பொன்னேரியில் மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் ஸ்டோர்ஸ் வேலை. எனக்கு வேலை இல்லை. நடை பழகிக்கொண்டிருந்த பெண் குழந்தை இருந்தது.

அந்த வருஷம் அவர் கம்பெனியில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடுவது என்று முடிவு செய்தார்கள். போடுகிற பொறுப்பும், போட்ட பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பும் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்த அந்த மேடத்துடையது. ஸ்டோர்ஸில் சரக்கு வரவு, செலவு எல்லாவற்றையும் இனிமேல் அதில்தான் ஏற்ற வேண்டும் என்பதால் என் வீட்டுக்காரர் தினமும் அவரிடம் போய் உட்கார வேண்டியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தால் மேடம் வந்துவிடுவார். மேடம் இன்னிக்கு இது சொன்னாங்க. மேடம் கீபோர்டைப் பார்க்காமயே அடிக்கறாங்க. சர்வர் நின்னு போய் மேனேஜர் பேஜாராகிக்கினு இருந்தாரு, மேடம் டீ குடிச்சிக்கினே சரி பண்ணிட்டாங்க.

ஆரம்பத்தில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தண்ணீர் பாட்டில்தான் கெடுத்தது. ஸ்டோர்ஸுக்குப் பக்கத்திலேயே உலை. அந்த அனலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கல் அடைக்கும், பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பாட்டில் வாங்கி, கழுவி, நிரப்பி, செருப்புக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். தாண்டிக்கொண்டு போவார். ஒருநாள் அவரே ஒரு பச்சை பாட்டிலோடு வந்தார். வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது என்று மேடம் சொன்னாராம். பஜாரில் இறங்கி வாங்கி வந்திருக்கிறார். அதை அவர் ஏதோ புதுச் செய்தி மாதிரி எனக்குச் சொன்னார். நான் வாங்கி வைத்த பாட்டில் அடுப்படி மேடையில் இருந்தது. அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், ரசம் ஊற்றினேன்.

அன்றைக்கு நெஞ்சில் ஏறிய எரிச்சல் இறங்கவே இல்லை. அந்த மேடத்துக்கு நானாகவே ஓர் உருவம் செய்துகொண்டேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோள் வரைக்கும் வெட்டிய முடி, நெயில் பாலிஷ் போட்ட விரல். பேசினால் இங்கிலீஷ். எங்கிருந்து வருகிறார் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். ஆரம்பாக்கம் என்றார். ஆரம்பாக்கம் கும்மிடிப்பூண்டிக்கும் வடக்கே. அப்படியென்றால் அவர் தெற்கே வருவார், என் வீட்டுக்காரர் வடக்கே போவார், ஒரே ரயிலில் வர வழியில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். என் வீட்டுக்காரர் தப்பு செய்கிறவர் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை. அவர் ஒரு பெண்ணின் பேச்சை வாய் மூடிக் கேட்கிறார், அந்தப் பெண் நானில்லை. அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். வேண்டும் என்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இவர் ஒன்றை வேன் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். மஞ்சளேறிய பெட்டி, பின்னால் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி புடைத்த மானிட்டர், சாவிகளின் எழுத்து தேய்ந்த கீபோர்டு. வைக்க இடமில்லை. என் தையல் மிஷினைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் மேசை போட்டு வைத்தார். குழந்தைக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை வைத்தது, ஒரு கை வைக்காதது, அப்படியே சுருட்டி அலமாரியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் அதன்முன் உட்கார்ந்துவிடுவார். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி. இருந்தது. மெஷின் பழசு, சி.டி.யிலிருந்து நேராகக் கிளம்பாது. முதலில் ஒரு ஃபிளாப்பியைப் போட்டு உயிர் கொடுத்து, பிறகு சி.டி.யைப் படிக்க வைக்க வேண்டும். அந்த ஃபிளாப்பியைத் தயார் செய்து கொடுத்ததும் மேடம்தான். நடு நடுவில் மொபைலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். "மேடம், சண்டே தொந்தரவு பண்றேன்" என்று தொடங்கும் அந்தக் குரலை என்னிடம் அவர் பயன்படுத்தியதே கிடையாது. அத்தனை பணிவு.

மணிக்கணக்கில் அது ஓடும். சி.டி. சுழல்கிற சத்தம் வீடெல்லாம் கேட்கும். எல்லாம் முடிந்தது என்று செய்தி வரும். ஃபிளாப்பியை எடுத்துவிட்டு மெஷினை மறுபடி கிளப்பினால், கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டே எழுத்து வந்து நின்றுவிடும். லினக்ஸைக் கிளப்பிவிடுகிற புரோகிராமின் பெயர் நான்கெழுத்து, அதில் பாதி. அதற்குமேல் அசையாது. அடுத்த ஞாயிறும் அதே எல், ஐ. அதற்கடுத்த ஞாயிறு கரண்ட் போய்விட்டது. அப்புறம் கம்பெனியில் சரக்குக் கணக்கெடுப்பு வந்து, ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டர்மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்திவிட்டுப் போனார்.

துண்டு போர்த்தின அந்தப் பெட்டி எனக்கு எதிரிலேயே இருந்தது. மேடமாக இருந்தால் டீ குடித்துக்கொண்டே சரி செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே வீட்டைப் பெருக்குவேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றில்லை. திருவள்ளூரில் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு மாதக் கோர்ஸ் படித்தவள். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். அதில் டாஸ் சொல்லிக் கொடுத்தார்கள், ‘சி’யில் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். நன்றாகத்தான் செய்தேன். முடிக்கிற சமயத்தில் வரன் வந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு நான் படித்தது பி.எஸ்ஸி. என்று தெரியும், அந்தக் கோர்ஸ் ஞாபகம் இருந்திருக்காது.

ஒரு மத்தியானம் குழந்தை தூங்கினதும் துண்டை எடுத்தேன். பத்திரிகையில் எப்படிப் போடுவது என்று படத்தோடு கட்டுரை இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஃபிளாப்பியைப் போட்டேன். திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. உடைத்துவிட்டால் என்ன சொல்வது? ஆனால் கை நிற்கவில்லை. மொழி, கீபோர்டு, எத்தனை பங்காக டிஸ்க்கைப் பிரிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. புரியாத இடத்தில் அது சொன்னதற்கே சரி என்றேன். குழந்தை எழுந்துகொண்டதும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்தேன். கடைசியில் எனக்கும் வந்தது எல், ஐ.

அவர் வருவதற்குள் துண்டைப் போர்த்திவிட்டேன். ராத்திரி முழுக்க அந்த இரண்டு எழுத்து கண்ணுக்குள்ளேயே இருந்தது. மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும். வேறு வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு தடவை எல் மட்டும் வந்தது. அதைவிட ஐ சேர்ந்து வருவதே மேல் என்று ஆகிவிட்டது.

கேட்பதற்கு ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்து லினக்ஸ் தெரிந்த ஒரே ஆள் அந்த மேடம்தான். அவரிடம் போய்க் கேட்பதாவது என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக்கடைக்குப் போய், சில்லறையாக மாற்றிக்கொண்டு, ஒரு ரூபாய் போனில் கம்பெனி நம்பரை அழுத்தினேன். ஆபரேட்டரிடம் கம்ப்யூட்டர் செக்‌ஷன் வேண்டும் என்றேன். யார் பேசுவது என்று கேட்டார். லினக்ஸ் விஷயமாக என்று மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே அலுவலகக் குரல் மாதிரி இருந்தது.

"ஹலோ, சொல்லுங்க" என்று ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கட்டையான குரல். சளி பிடித்தவர் மாதிரி. இங்கிலீஷ் இல்லை.

நான் யார் என்று சொல்லவில்லை. வீட்டில் ஒரு பழைய மெஷினில் லினக்ஸ் போடுகிறேன், முடிந்தது என்று சொல்லிவிட்டு எல், ஐ என்று இரண்டு எழுத்தோடு நின்றுவிடுகிறது, ஒரு முறை எல் மட்டும் வந்தது, டிஸ்க்கை இன்னின்ன மாதிரி பிரித்தேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். காசு தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. அந்தப் பக்கம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். குழந்தை போன் வயரைப் பிடித்து இழுத்தது.

"பழைய மெஷினுக்கு அப்டிதாங்க வரும். கிளம்பறப்போ டிஸ்க்ல முன்னாடி கொஞ்சம் எடம்தான் அதுக்குக் கண்ணு தெரியும். அது தேடற ஃபைலு உள்ள எங்கயோ போய் உக்காந்துக்கினு கீது. கேட்ல நிக்கிற வாட்ச்மேன் ஃபேக்டரி உள்ள வந்து தேடுவானா? அவனுக்கு வேண்டியது கேட்டாண்டயே வச்சிடணும். மொதல்ல சின்னதா ஒரு பார்ட்டிஷன் போட்டு கிளம்பறதுக்கு வேண்டிய ஃபைல அதுல வையுங்க. அப்புறம் மத்தது."

எனக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்த வேகத்தில் நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன். அவர் கேட்டார், "நீங்க ஸ்டோர்ஸ் சார் ஊட்டுக்காரங்க தானே?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். பழைய பெட்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் லினக்ஸ் போட ஃபிளாப்பி கேட்டவர் அவர் ஒருத்தர்தான் என்றார். "ஆனா சாரு என்கிட்ட எல்லு, ஐயின்னு சொல்லவே இல்லியே. வரல மேடம், வரல மேடம்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. ஸ்கிரீன்ல இன்னா வருதுன்னு சொன்னாத்தானே தெரியும்" என்றார். அப்புறம் ஒரு மாதிரி சிரித்தார். என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அந்த மேடத்தின்மேல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. இவ்வளவு லேசாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடிகிறது ஒருத்தியால். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்காமல் வேறென்ன செய்வார்?

மறுநாள் மத்தியானம் முன்பக்கம் சின்னதாக ஒரு பங்கு வைத்துப் பிரித்தேன். எல், ஐ, எல், ஓ என்று நான்கு எழுத்தும் முழுசாக வந்தது. அதன் பிறகு வரிவரியாக ஏதேதோ ஓடி, கடைசியில் பெயர் கேட்டு நின்றது. குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன். அதற்கு என்ன தெரியும், அதுவும் சிரித்தது.

ஆனால் அது வெறும் கறுப்புத் திரை. ஜன்னல், மவுஸ் எல்லாம் வரவேண்டும் என்றால் இன்னொரு வேலை இருந்தது. அதை ஓட்டினால் திரை முழுக்கக் கோடு கோடாகச் சுருண்டது, மானிட்டர் கீச்சென்று கத்தியது. மறுபடி போன். மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற சீட்டில் இரண்டு எண் இருக்கும், அதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். சீட்டு பாதி கிழிந்திருந்தது. மறுபடி போன். கிழிந்ததில் மிச்சம் இருப்பதைப் படிக்கச் சொன்னார். இப்படி அந்த வாரம் தினமும் கடைக்குப் போனேன். பேச்சு லினக்ஸிலிருந்து மெல்ல நகர்ந்தது. நீங்க எந்த வருஷம் முடிச்சீங்க என்று கேட்டார். சொன்னேன். அவரும் அதே வருஷம், அதே பி.எஸ்ஸி. கணக்கு. கல்லூரி மட்டும்தான் வேறு.

அதுவரை அவரை என்னைவிடப் பெரியவர், மேலே இருப்பவர் என்று நினைத்திருந்தேன். அப்படியென்றால் பொறாமைப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, படாமல் விட்டுவிடவும் வழி இருக்கிறது. அதே வருஷம், அதே பாடம் என்றால்? அவருக்கும் கல்யாணமாகிவிட்டது, ஒரு பையன் என்றார். அவர் நைனாவே பேரனை வைத்துப் பார்த்துக்கொள்கிறாராம், வயலுக்கும் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். அன்றைக்குச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவர் வாழ்க்கையை வரிசையாக என்னுடையதோடு வைத்துப் பார்த்தேன். எந்த இடத்தில் அவர் திரும்பினார், நான் திரும்பவில்லை என்று தேடினேன். அப்படியொரு இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஆறியிருக்கும்.

"மேடம்னு கூப்புடாதீங்கப்பா, என் வயசுதானே. பேரு சொல்லுங்க" என்றார் அடுத்த நாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் கனவிலும் அப்படிக் கூப்பிட முடியாது என்று நினைத்தபோது நன்றாக இருந்தது.

அந்த வாரம்தான் ஒருநாள் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே அலுத்துக்கொண்டார். "இன்னான்னு தெரில. தெனம் மத்தியானம் மேடத்துக்கு ஒரு போன் வருது. யாருக்கோ லினக்ஸ் சொல்லிக் குடுத்துக்கினு கீறாங்க. நா டவுட்டு கேக்கப் போனா, அப்புறம் வாங்க சார்ன்றாங்க."

யாராக இருக்கும் என்று கேட்டேன்.

"யாருன்னு தெரில. சிரிச்சி சிரிச்சி வேற பேசறாங்க. என்கிட்ட அப்டிப் பேசுனதில்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு கோணல். அந்தக் கோணல் எப்படி வருகிறது, உள்ளே எந்த இடத்தில் குத்தினால் வருகிறது என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டேன். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திரை சுருளாமல் நின்றது. முதலில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு பரப்பு. நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு மவுஸ் அம்பு. அப்புறம் நீலமாக ஒரு பின்னணி, கீழே சின்னச் சின்னப் பெட்டிகள். மெதுவாகத்தான் வந்தது. ஒன்றைத் தட்டினால், தட்டினது மறந்துபோகிற சமயத்துக்குத் திறக்கும். எனக்கு அவசரமில்லை. மவுஸை இந்தப் பக்கம் நகர்த்தினேன், அந்தப் பக்கம் நகர்த்தினேன். துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே மேசைக்கிட்டே போனார்.

"யாரு வந்தா?" என்றார்.

யாரும் வரவில்லை என்றேன்.

"இல்ல, யாரு வந்து போட்டாங்க?"

"நான்தான் போட்டேன்."

சிரிப்பார் என்றோ, குழந்தையிடம் அம்மாவைப் பாரு என்று சொல்லுவார் என்றோ நான் எதிர்பார்த்தது நிஜம். அவர் உட்கார்ந்தார். அதைச் சுத்தமாக நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினார். நான்கு எழுத்தும் வருகிறதா என்று பார்க்கத்தான். வந்தது. பெயர் கேட்டு நின்றது. தன் பெயரை அடித்தார். அது ஏற்கவில்லை. அந்த மெஷினில் என் பெயர் ஒன்றுதான் இருந்தது. நாளைக்கு உங்களுக்கும் ஒரு கணக்கு திறந்து தருகிறேன் என்றேன். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன், ஆனால் அவருக்கு அது எங்கேயோ பட்டது.

எல், ஐ எப்படிப் போனது என்று வெகுநேரம் கழித்துக் கேட்டார். சொன்னேன். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் உள்ளே வந்து தேட மாட்டான், அவனுக்கு வேண்டியதைக் கேட்டண்டையே வைக்க வேண்டும் என்றேன். சொல்லிக்கொண்டே வரும்போது அவர் தலை நிமிர்ந்தது. அந்த மாதிரிப் பேசுகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாதா? மத்தியான போன் யாருடையது என்று புரிந்துவிட்டது.

"எனக்கு இத அவங்க சொல்லவேல்ல" என்றார்.

"வரல மேடம்னு மட்டும்தான் நீங்க சொன்னீங்களாம்."

அதற்கப்புறம் சில நாள் வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டை இல்லை. மேடம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. நான் இத்தனை நாள் வேண்டிக்கொண்டது அதுதான், ஆனால் அது வராமல் இருந்தது சோற்றில் உப்பு இல்லாத மாதிரி இருந்தது. நான்தான் மேடம் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். நல்லா கீறாங்க என்றார், அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். அலமாரியில் கிடந்த கவுனுக்கு அந்த இரண்டாவது கையையும் தைத்து, குழந்தைக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். லேத்துக்கும் கிரேனுக்கும் மாலை போட்டு, உலை வாயில் பூசணிக்காய் உடைத்தார்கள். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் எல்லா மானிட்டருக்கும் நெற்றியில் சந்தனம் குங்குமம். அங்கே பொரி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும், பாதிக் கட்டின பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். குட்டையாக, தடித்த கண்ணாடி போட்டு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை. என்னிடம் இருக்கிற மாதிரியே ஒரு சின்னாளப்பட்டுப் புடவை.

"நீதானே?" என்றாள். போனில் பேசிய மரியாதையெல்லாம் போய்விட்டது. எனக்கும்.

நான் செய்துவைத்திருந்த உருவம் போய்விட்டதே, பொறாமையும் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் வந்து நின்றார். ஏதோ பிரிண்டர் சமாச்சாரம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, புரியாத இடத்தில் மறுபடி கேட்டு, கடைசி வரைக்கும் கேட்டார். நடுவில் வேறு பக்கம் பார்க்கவில்லை. அழகாக இருந்திருந்தால் அதனால்தான் என்று நினைத்து விட்டுவிட்டிருப்பேன். அவளிடம் இருந்தது அவள் சொன்ன விஷயம் மட்டும்தான். அவள் உட்கார்கிற நாற்காலியைப் பார்த்தேன். கைப்பிடியில் ஒரு துப்பட்டா மடித்துப் போட்டிருந்தது, ஏ.சி. குளிருக்கு. அந்தத் துப்பட்டாமேல் எனக்கு வந்த ஆசையை இன்றைக்கும் விளக்க முடியாது.

அவளே சொன்னாள், எதிர் ரோட்டில் ஒரு பெயின்ட் டப்பா செய்கிற கம்பெனியிலும் லினக்ஸ் போடப் போகிறார்கள், ஆள் தேடுகிறார்கள் என்று. என் வீட்டுக்காரர் குழந்தை சின்னது என்றார். அவள் அவர் பக்கம் திரும்பி, "நா உங்கள கேக்கல சார், அவள கேக்கறேன்" என்றாள். அவர் அதையும் கேட்டுக்கொண்டார்.

உடனே போய்விடவில்லை. குழந்தையைப் பக்கத்து பால்வாடியில் விட முடிந்த பிறகுதான் அந்த டப்பாக் கம்பெனியில் சேர்ந்தேன். சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் செக்‌ஷன், சின்ன சம்பளம். என் வீட்டுக்காரர் ஜெனரல் பெட்டி, நான் லேடீஸ் பெட்டி, கும்மிடிப்பூண்டியில் இறங்கிச் சேர்ந்து நடப்போம். சந்தேகம் வந்தால் அவளுக்குப் போன் செய்வேன். அவர் தன் சந்தேகங்களை என்னிடம் கேட்க ஆரம்பித்தார். முதலில் வேண்டாவெறுப்பாக, பிறகு நிஜமாகவே. ஒருநாள் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அதை அவர் கவனிக்கவில்லை.

சில வருஷம் கழித்துத் தடாவுக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், பெரிய கம்பெனிகள் வர ஆரம்பித்தன. அவளுக்கு அதில் ஒன்றில் நல்ல வேலை கிடைத்தது. ஆரம்பாக்கத்திலிருந்து பக்கம்தான். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போன் வரும் என்று காத்திருந்தேன். வேறு விஷயத்துக்குப் போன் வந்தது, அந்த விஷயம் வரவில்லை. அவள் தன் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். நன்றாகத் தெலுங்கு பேசுகிற பெண். கெட்டிக்காரி என்றும் சொன்னார்கள்.

அவளுக்குக் கம்பெனி வாசலில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். நானும் அனுமதி வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்திருந்தேன். அந்தச் சின்னப் பெண் அவள் பக்கத்தில் நின்று அவள் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதோ சொல்ல, அந்தப் பெண் சிரித்தாள். நான் வாழ்த்திவிட்டு, கையைப் பிடித்து, வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். முகம் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு ரயிலில் கூட்டமில்லை. என் வீட்டுக்காரர் இருந்த பெட்டியிலேயே ஏறி எதிரில் உட்கார்ந்தேன். கவரப்பேட்டை தாண்டியது. வெளியே நாற்று நட்ட வயல்.

"உன்ன கூட்டிக்கினு போவாங்கன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"நா, அவ உங்கள கூப்புடுவான்னு நெனச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். கன்னத்தில் அதே கோணல் இருந்தது. என் முகத்திலும் அதுதான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பொண்ணுக்கு லினக்ஸ் ஒன்றும் அவ்வளவாக வராது, நான் பார்த்திருக்கிறேன் என்றார். அப்படியா என்று கேட்டேன். பார்ட்டிஷன் போடவே தடுமாறும் என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். இன்னும் என்னென்ன வராது என்று கேட்டேன். பொன்னேரி வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.